தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை

மண் சரிகிற இடத்தில் மக்கள் நிற்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் மேலான கொள்கை. ஆகவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருட மழையில் கொஸ்லந்த வீதியோரம் ஒரு மலை அசையத் தொடங்கியதும், பதுளையிலிருந்த அரசாங்கக் கந்தோர் ஒன்று விழிப்படைந்து, எச்சரிக்கை நோட்டீஸ் அடிக்கும் மகத்தான பொறுப்பைக் கிளாக்கர் இரகுநாதனிடம் ஒப்படைத்தது.

"ஓடுற பஸ்ஸிலயிருந்து வாசிக்கக்கூடியதாய் இருக்கவேணும், காணும். ஒழுங்காய்ச் செய்தால் உம்மட யாழ்ப்பாண மாற்றத்துக்குக் கையெழுத்து வைக்கிறன்" என்றார் கந்தோர்ப் பெரியவர் கனகசபை.

இரகுநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. யாழ்ப்பாணத்தில் மனைவி செல்வநாயகிக்கு மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். மனிதருக்கு வேறெந்த ஆசையும் இல்லை.

பஸ்ஸிலிருந்து தெரியும் எழுத்து பதுளையிலேயே ஒன்றுதான் இருந்தது. அச்சுக்கூடக்கார இத்ரூஸ் சினிமா நோட்டீஸுக்காகப் பலாப்பலகையில் தன் கையாலேயே செதுக்கியது. நோட்டீஸ் தாளோ ஒடுக்கம். படப் பெயர்களோ நீளம். அதனால் எழுத்துகள் கறுத்துத் தடித்து, தோட்டத் தொழிலாளரின் ஒரே லயத்து அறையில் மூன்று குடும்பங்கள் இருப்பதுபோல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஓரமெல்லாம் மரச் சிலாம்பு.

"இது படத்துக்கு வெட்டின எழுத்து சேர்" என்றார் இத்ரூஸ்.

"எழுத்து எழுத்துத்தானே? அடியும்!"

"மலை சரிகிறது! வராதீர்!" என்று தேயிலைத் தோட்டத்துச் சுவர்களெல்லாம் அலறின. ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் சனம் திரண்டுவிட்டது. கடலைக்காரரும் வந்துவிட்டார். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக் கூட்டிவந்திருந்த கொழுந்தெடுக்கும் பெரியாயி, இரகுநாதனைக் கண்டதும் கேட்டாள்: "ஐயா, படம் எத்தன மணிக்குங்க?"

"படமில்லை அம்மா! வராதையுங்கோ எண்டுதானே போட்டிருக்கு?"

"ஆமாங்க. போன மாசங்கூட 'பேய் பங்களா, பயந்தவங்க வராதீங்க'ன்னு போட்டிருந்தாங்க. எல்லாருந்தான் போனோம். நல்லாத்தான் இருந்துச்சு."

கந்தோர் கூடி ஆலோசித்தது. ஒரு நோட்டீஸைத் திருத்தும் நோட்டீஸ் அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. "இது படமல்ல!" என்று அதே எழுத்தில் திருத்தம் வெளியானது. அடுத்த ஞாயிறு தெமோதரை, அப்புத்தளைச் சனமும் வந்து சேர்ந்தது. இரண்டாம் படத்தைத் தவறவிட யாருக்கு மனம் வரும்? உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

அந்நேரம் பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மாற்றம் போயிற்று என்று இரகுநாதனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"இவ்வளவு சனத்தை ஆர் சேர்த்தது?"

"நான்தான் சேர்... மன்னிக்கவேணும்..."

"என்னத்துக்கு மன்னிப்பு? வாற மாதம் மந்திரி பதுளைக்கு வாறார். போனமுறை அவருடைய கூட்டத்துக்கு வந்தது நானும் டிரைவரும்தான். உம்மைப்போல ஆளை யாழ்ப்பாணத்துக்கு விட ஏலுமே?"

மந்திரி வந்தார். பலாப்பலகை எழுத்து அழைத்ததால் மைதானம் கொள்ளாத கூட்டம். ஓட்டுப் போட்டால் வீடும் வீதியும் தருவதாக அவர் முழங்க முழங்க, சனம் கைதட்டியது. உள்ளம் பூரித்த மந்திரி இனி மாதந்தோறும் வருவதாக வாக்களித்து, இரகுநாதனைப் பதுளையிலேயே நிரந்தரமாக வைத்திருக்கும்படி உத்தரவிட்டார். மகள் பிறந்த செய்தி அன்று காலைதான் தந்தியில் வந்திருந்தது.

கூட்டம் கலையும்போது பெரியாயி எதிர்ப்பட்டாள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படந்தாங்க ஐயா ரொம்ப நல்லாயிருந்துச்சு. தோட்டத்து ஆளுங்க ஓட்டத்தான் சர்க்காரே பறிச்சிருச்சே. ஓட்டே இல்லாத எங்ககிட்டப் போயி ஓட்டுக் கேட்டாரே!"

இரகுநாதனுக்கு நின்று கேட்க நேரமில்லை. அடுத்த மாத நோட்டீஸுக்காக இத்ரூஸின் அச்சுக்கூடம் மூடுமுன் போய்ச் சேர வேண்டியிருந்தது.