இருபது மார்க் வேணும்

"பதினாலுதான் சார் வருது. இருபது வந்தாத்தான் படுக்கை" என்றாள் சுவாதி, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. ஓசூரில் அந்தக் குடிநோய் மீட்பு மையத்தின் ஆலோசகர் அவள்.

பேராசிரியர் பிரகாஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைவாழ் மக்களின் குடிநோய் ஒழிப்புக் குழுவில் அவர் நான்கு வருடமாக உறுப்பினர். குடியின் தீவிரத்துக்கு மார்க் போடும் இந்தச் சேர்க்கைப் படிவத்தின் கேள்விகளை எழுதியவரே அவர்தான். நான்கு வருடத்தில் குழு வாங்கிக் கொடுத்தது இந்த ஒரே படுக்கை. இன்று பன்னிரண்டு மணிக்குள் ஆள் சேராவிட்டால் அதுவும் ரத்து.

பெஞ்சில் திம்மப்பன். அஞ்செட்டி மலை இருளர், கல் குவாரிக் கூலி. உதறுகிற அவன் கையை மனைவி மாரம்மா தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். இன்னொரு மாதம் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மறுபடி கேளும்மா" என்றார் பிரகாஷ்.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி குடிப்பீங்களா?"

"வேலைக்குப் போனாத்தாம்மா மேஸ்திரி சாராயப் பாக்கெட்டே தருவான்."

"அப்ப இல்ல. குடிச்சிட்டு வீட்டுல பொய் சொல்வீங்களா?"

"எதுக்கு? மோந்தாலே தெரிஞ்சிரும் அவளுக்கு."

"இல்ல. பாட்டில ஒளிச்சு வெப்பீங்களா?"

"ஒளிக்க எனக்கென்ன காரா இருக்குது?" திம்மப்பன் பிரகாஷைப் பார்த்தான்.

மார்க் ஒன்பதுக்கு இறங்கியது.

பிரகாஷ் ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு அவன் காதருகே குனிந்தார். "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லு."

சொன்னான். கடைசிக் கேள்வி வந்தது. "யாராவது சொல்லிக்குடுத்து இப்படிச் சொல்றீங்களா?"

"ஆமா."

படிவம் பூட்டிக்கொண்டது. அந்தக் கேள்வியும் பிரகாஷ் எழுதியதுதான்.

"இனி உங்க லாகின்லதான் தொறக்கும் சார்."

மணி பதினொன்று ஐம்பது.

"தள்ளும்மா." அவரே உட்கார்ந்தார். கேள்விகளைப் படிக்கக்கூட இல்லை, விரல்கள் ஓடின. வேலைக்கு முன்? தினமும். பொய்? தினமும். ஒளிக்கும் இடம்? கார் ஸ்டெப்னிக்கு அடியில்.

மார்க் முப்பத்தொன்று. திரை பச்சையானது. 'படுக்கை ஒதுக்கப்பட்டது. பெயர்: பேரா. பிரகாஷ்.'

"ஐயோ, லாகின் பேரையே எடுத்துக்கிச்சு சார். மாத்தணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு."

பிரகாஷ் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மாரம்மா எழுந்து புருஷனைக் கைத்தாங்கலாகத் தூக்கினாள்.

"மாத்தாதீங்கம்மா, சாரே படுக்கட்டும். நாலு வருசம் முந்தி வரைக்கும் இவன் தொட்டதேயில்ல, குழுன்னு ஊருக்கு வந்த சாருதான் தொணைக்கு ஆளில்லன்னு காருகிட்ட கூப்புட்டு ஊத்திக் குடுத்தாரு."