ஐந்தாவது கட்சியில் மூன்றாம் பக்கம்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கே அனைவரும் உடம்பளவில் சுகம். அக்காவின் முட்டிவலி குறைந்ததா?

அத்தான், என் வேலை போகப்போகிறது. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஐயாவுக்குப் பதினொரு வருடமாக மேடைப்பேச்சு எழுதுகிறேன். அதற்குள் நான்கு கட்சி ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத யாரால் முடியும்? ‘உயிருள்ளவரை இந்தக் கொடிதான்’ என்பதில் கொடியின் நிறத்தையும் தலைவரின் பட்டத்தையும் மட்டும் மாற்றித் தருவேன். அவரும் கையில் கொடுத்ததை அப்படியே முழங்கிவிடுவார், முன்கூட்டிப் படித்துப்பார்க்கும் கெட்ட பழக்கம் கிடையாது. போன ஞாயிறு ஐந்தாவது கட்சியில் சேரும் விழா. அவசரத்தில், போன தேர்தலுக்கு எழுதிய பேச்சிலிருந்து ஒரு தாள் மூன்றாம் பக்கமாகச் சேர்ந்துவிட்டது. அதில் யாரைத் திட்டியிருந்தேன் என்கிறீர்கள்? பக்கத்து நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த புதுத் தலைவரைத்தான். “இந்தத் துரோகியை வீட்டுக்கு அனுப்பாமல் தூங்கமாட்டேன்” என்று ஐயா அவரைக் கும்பிட்டுக்கொண்டே முழங்கினார். அதோடு விட்டதா? ஐயாவோடு பழைய கட்சியிலிருந்து வந்த எங்கள் ஆட்கள், கேட்டுப் பழகிய இடம் வந்ததும் விசிலடித்து, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்கள். ஐயாவும் சொன்னார். தலைவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காரிலிருந்து இறங்கும்போது ஐயா, “உன்கிட்ட நாளைக்குப் பேசுறேன்” என்றார். அந்த நாளை நான்கு நாளாக வரவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. குடியிருப்பதும் அவர் அலுவலகத்துப் பின்கட்டு. வேலை போனால் வீடும் போச்சு. சின்னவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. உங்கள் தங்கச்சி வேறு, “ஒரு தடவை படிச்சுப் பார்த்துக் கொடுத்தா கை தேஞ்சா போயிடும்?” என்று குத்திக்கொண்டே இருக்கிறாள். பயமாக இருக்கிறது அத்தான்.

நீங்கள் முப்பது வருடமாக ஒரே கட்சி, அதிலும் மாவட்டச் செயலாளர். ஐயா இன்னும் காலெடுத்து வைக்காதது உங்கள் கட்சி ஒன்றுதான். அங்கே ஏதாவது மூலையில் எனக்கொரு மேசை போட்டுக் கொடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உங்களையே நம்பியிருக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஐயா கூப்பிட்டு அனுப்பினார். “உன்னை அனுப்பிட்டா எனக்கு யாருப்பா எழுதுவா?” என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்தக் கட்சியில் அவரைத்தான் நீக்கிவிட்டார்களாம். வரும் ஞாயிறு உங்கள் கட்சியில் சேர்கிறார். மேலிடத்தில் பேசி முடித்தாயிற்று, மாவட்டச் செயலாளர் பதவியும் அவருக்கே. அன்று நீங்கள் வாசிக்கவேண்டிய வரவேற்புரையை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் மட்டும் பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள்.