மோட்டார் கம்ப்ளெய்ண்ட்

குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரவில்லை. ஒரு இருமல் வந்தது. அப்புறம் வெறும் காற்று.

லோடுமேன் வாயில் பற்பசை நுரையோடு மோட்டார் ரூமுக்கு ஓடினான். கதவில் பூட்டு கிடையாது. பழைய பூட்டு துருப்பிடித்து உடைந்ததிலிருந்து கட்டுக்கம்பியை முறுக்கித்தான் வைத்திருந்தான். இப்போது கம்பி தரையில் கிடந்தது. மோட்டார் இருந்த மேடையில் போல்ட்டுகள் மட்டும் கிழவன் வாய்ப் பற்கள் மாதிரி துருத்திக்கொண்டு நின்றன.

பின்னாலேயே வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "திருடன் தொழில் தெரிஞ்சவன். நட்டையெல்லாம் எவ்வளவு ஒழுங்காக் கழட்டியிருக்கான் பாருங்க. நீங்களா இருந்தா சுத்தியலை எடுத்திருப்பீங்க."

"மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே. ஸ்டேஷனுக்குப் போய் கம்ப்ளெய்ண்ட் குடுங்க."

"மூட்டை தூக்குறவன் ஸ்டேஷன் படி ஏறுனா, இறங்கும்போது என்னவா இறங்குவான்னு யாருக்குத் தெரியும்? பூட்டு ஏன் இல்லேன்னுதான் முதல்ல கேப்பாங்க."

அவன் பயம் பூட்டோடு நிற்கவில்லை. அந்த வரிசை வீடுகளின் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் ஓனர் அவனுக்கு அந்த ஒற்றை அறையைக் கொடுத்திருந்தார். மோட்டார் போனால் அறை போகும். அறை போனால் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"நானே கண்டுபிடிச்சுக் கொண்டாரேன்" என்றான்.

"அரிசி மூட்டைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் வித்தியாசம் தெரிஞ்சா துப்பறிஞ்சிடலாமாக்கும்!"

மேலிருந்து ஒரு தலை நீண்டது. மாடி வீட்டு அக்கா. "தம்பி, தண்ணி என்னாச்சு?"

"மோட்டார் கம்ப்ளெய்ண்ட் அக்கா!"

அவன் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கம்ப்ளெய்ண்ட் குடுங்கன்னா, கம்ப்ளெய்ண்ட்னு சொல்லிட்டு நிக்கிறீங்களே!"

"ஓ! அதான் நேத்து மத்தியானம் உன் மெக்கானிக் வந்து தூக்கிட்டுப் போனாரா?" என்றாள் அக்கா.

லோடுமேன் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டான்.

அக்கா திருடனைப் பார்த்திருக்கிறாள்! ஆள் யார், எப்படி இருந்தான் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் தான் அனுப்பிய மெக்கானிக்கின் அடையாளத்தை இன்னொருவரிடம் எப்படிக் கேட்பது?

"எந்த மெக்கானிக் வந்தாருக்கா? பெரியவரா, சின்னவரா?"

"நீதான அனுப்புனே, என்னைக் கேக்குறே?"

"கடையில ரெண்டு பேரு. யாரு கைவச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான், நாளைக்கு மறுபடி மக்கர் பண்ணா சண்டை போடலாம்."

"ஒரு காது மடங்கியிருந்துச்சு. பச்சை வண்டி. பாவம், வேர்த்துக் கொட்டுச்சு அந்த மனுசனுக்கு. நான்தான் ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். டேங்க்ல மிச்சமிருந்த தண்ணி."

காது கிடைத்தது, வண்டியின் நிறம் கிடைத்தது. லோடுமேனுக்குத் தன் மூளையின் மேல் மரியாதையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓனர் போனில் வந்தார்.

"ஏம்ப்பா, நம்ம மோட்டார் எங்க இருக்கு?"

எந்தப் பயல் அதற்குள் பற்ற வைத்தான்?

"கம்ப்ளெய்ண்ட் சார். மெக்கானிக்கிட்ட இருக்கு."

"நிச்சயமாத் தெரியுமா?"

பொய்க்குக் கை கால் முளைக்க வைத்தால்தான் நிற்கும் என்று அவனுக்குத் தோன்றியது. "நான்தான் சார் வண்டியில ஏத்திவிட்டேன். பச்சை வண்டி. காது மடங்கின ஆளு. தங்கமான மனுசன்."

"அப்படியா? அப்ப சரி." ஓனர் வைத்துவிட்டார்.

ஒரு ஏச்சுக்கூட இல்லாமல் ஓனர் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. ஏன் கேட்டார், எதற்கு உடனே வைத்தார் என்று லோடுமேனுக்குப் புரியவில்லை.

அன்று குடோனில் மூட்டை இறக்கினான். வரும்போதும் போகும்போதும் வழியில் நின்ற பச்சை வண்டிகளையெல்லாம் குனிந்து பார்த்தான். ஆட்களின் காதுகளை உற்றுப் பார்த்தான். ஒரு காய்கறி வண்டிக்காரர், "என்னய்யா, காதுல கடுக்கன் தேடுறியா?" என்று விரட்டினார். வீட்டுக்கு வந்ததும் தெருமுனைக் குழாயிலிருந்து அத்தனை வீட்டுக்கும் குடம் சுமந்தான். மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன் மோட்டாராகவே ஆகிவிட்டான் என்றாள் மனைவி.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தான். சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியும் இல்லை. ஒயரும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாயில் நூலோடு வெளியே வந்தார். "உன் மெக்கானிக் வந்தாருப்பா. ஸ்டார்ட்டர் இல்லாம மோட்டாரை ஓட்டிப் பார்க்க முடியாதாம். நான்தான் ஸ்குரூ டிரைவர் குடுத்து, ஸ்டூலையும் பிடிச்சுக்கிட்டேன்."

"அண்ணே... நீங்களா பிடிச்சீங்க?"

"பின்னே, விழுந்துட்டார்னா? அப்படியே என் தையல் மெஷின் மோட்டாரையும் குடுத்துவிட்டேன். ஒரு மாசமாக் கம்ப்ளெய்ண்ட். மாடி வீட்டு அக்கா மிக்ஸியைக் குடுத்துச்சு. மனுசன் முகம் சுளிக்காம வாங்கிக்கிட்டாரு. நாளைக்கு வந்து டேங்கையும் பார்க்கணும்னு சொல்லியிருக்காரு."

லோடுமேன் அப்படியே படியில் உட்கார்ந்தான். மோட்டார் போனது, ஸ்டார்ட்டர் போனது எல்லாம் ஒரு பக்கம். ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

"நான் அவனை மெக்கானிக்னு நம்ம ஆளுங்ககிட்டதான சொன்னேன்? அவன்தான் மெக்கானிக்னு அவனுக்கு யாருடி சொன்னா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"அதை ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க. நீங்க போறீங்களா, நான் போகட்டா?" அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

வேறு வழியில்லை. அக்காவையும் தையல்காரரையும் கூப்பிட்டு உண்மையை உடைத்தான்.

"அடப்பாவி! திருடனுக்கா சொம்புல தண்ணி மோந்து குடுத்து, மிக்ஸியையும் தூக்கிக் குடுத்தேன்?" என்றாள் அக்கா.

தையல்காரர் திட்டவில்லை. "ஸ்டூலைப் பிடிச்சேனே, ஸ்டூலைப் பிடிச்சேனே" என்று ஸ்டேஷன் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் அனல் அடித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு வயதான காவலர் அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். லோடுமேன் கைகட்டி நின்று, உடைந்த பூட்டில் தொடங்கி நடந்ததைக் கொட்டினான். உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தான். உட்காரத்தான் வைத்தார்கள், ஆனால் நாற்காலியில்.

அதிகாரியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இந்தம்மா திருடனைப் பார்த்தாங்க, ஆனா அவன் திருடன்னு இவங்களுக்குத் தெரியாது. உனக்குத் திருட்டுப் போனது தெரியும், ஆளைத் தெரியாது. எங்களுக்கு ரெண்டையுமே யாரும் சொல்லல. திருடனுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. காணோம்னு அன்னைக்குக் காலையில ஒரு வார்த்தை வந்து சொல்றதுக்கு என்னய்யா?"

"ரூம் போயிடும்னு பயம் மேடம்."

"மோட்டார் கிடைச்சா ஏன் போகுது? நாளைக்கு டேங்குக்கு வர்றேன்னு சொன்னான்ல? வரட்டும். நாங்க மோட்டார் ரூம்ல உக்காந்திருக்கோம்."

லோடுமேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா? இதற்கா அத்தனை குடம் சுமந்தோம்?

"ஆளு அடையாளம் சொல்லு" என்று பேனாவை எடுத்தார் அதிகாரியம்மா.

"பச்சை வண்டி மேடம். ஒரு காது மடங்கியிருக்கும்."

மூலையில் விசிறிக்கொண்டிருந்த காவலரின் கை நின்றது. அவர் தலைக்கு மேலே உத்தரத்தில் வெறும் கொக்கி தொங்கியது.

"மேடம், நேத்துக் காலையில அந்த ஆளை மோட்டாரோட பிடிச்சு இங்கதான உக்கார வச்சிருந்தோம், மோட்டார்ல எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டோம், ஓனர் விசாரிச்சுட்டு 'நம்ம மெக்கானிக்தான், தங்கமான மனுசன்'னு சொன்னதும் மன்னிப்புக் கேட்டு அனுப்பினோமே... அவருகிட்டதான் மேடம் நம்ம ஃபேனையும் கழட்டிக் குடுத்தோம்!"