சத்துணவுக்கூடம் வரை நீண்ட கப்பல்

பிள்ளைகளா, மானாம்பதிப் பக்கம் எத்தனையோ பெயிண்டர்கள் உண்டு. ஆனால் எந்தச் சுவரையும் போதும் என்று சொல்லாத ஒரே மனிதர் தாராளம்தான். அவருடைய சொந்தப் பேர் எனக்கே தெரியாது. தீவனக்கடைக் கதவில் மாடு வரையச் சொன்னார்கள். மாடு அங்கே நின்றது, வால் பக்கத்துத் தையற்கடையில் ஆடியது. கறிக்கடையில் அவர் வரைந்த சேவலைப் பார்த்து நாய்களே ஒதுங்கிப் போயின.

அவரிடம் போய் நம்ம பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படத்தைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போன மேஃப்ளவர் என்கிற பாய்மரக் கப்பல்.

"இத பள்ளிக்கூடச் சுவர்ல வரைங்க. வெள்ளிக்கிழமை ஆபீசர் வராரு. அளவா இருக்கட்டும்."

"இதுல எத்தினி பேரு சார் போனாங்க?"

"நூறு பேருக்கு மேல. ரெண்டு மாசம்."

நாற்று நடப் போகிற பெண்கள் குட்டியானை லோடு வண்டியில் நின்றபடியே போவார்களே, அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். "அரை மணி நேரம் நின்னாவே கால் கடுக்குது. ரெண்டு மாசம்னா படுக்கணும், புள்ளைக்குத் தூளி கட்டணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கோடு இழுத்தார். ஏணி பிடித்தது உங்கள் அப்பாதான். கோடு சுவரைத் தாண்டி, பக்கத்துச் சத்துணவுக்கூடத்துக்கும் போய்விட்டது.

சமையலக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "இன்னா தாராளம், என்னைக் கேக்காமயே எந்த ஊருக்கு இட்டுனு போற?"

"நீ இல்லாம யாரு சோறு போடுவா? உள்ளயே இரு."

வியாழன் மத்தியானம் முடித்துவிட்டு இறங்கினார். நான் ரோட்டுக்கு வந்து பார்த்தேன். மலை மலையாக அலை. அதன்மேல் சாய்ந்து ஏறுகிற கப்பல். காற்றில் புடைத்த பாய்கள் கூரையைத் தொட்டன. சோறு வடிக்கிற ஆவி கப்பலுக்குள்ளிருந்தே வந்தது.

ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்தது. சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். "சத்துணவுக்கூடத்துல இருக்கறத அழிச்சிடுங்க. நெசத்துல அதுல இவ்ளோ இடம் கிடையாதுய்யா. இடிச்சிக்கினுதான் போனாங்க."

அழித்தால் பாதிக் கப்பல் போய்விடும். தாராளம் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவுங்க போனாங்க சார். நான் இட்டுனு போனா யாரையும் அப்பிடி இட்டுனு போவ மாட்டேன்."

அந்நேரம் நடவு முடிந்து குட்டியானை வந்தது. சேற்றுக்காலோடு இறங்கிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மெல்லக் கேட்டாள், "இதுல உக்கார எடம் கீதா?"

"படுக்கவே கீதும்மா."

ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்தப் பெண்களையே பார்த்தார். பிறகு வாளியைத் தானே தூக்கிக்கொண்டார். "ஆபீசர் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று உள்ளே போனார்.

தாராளத்தை யாராவது கிறுக்கன் என்றால் நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கேயாவது எனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கச் சொல்லணும் என்றால், நான் அவரிடம்தான் சொல்வேன்.