கடலூர் கோயிலுக்கு வந்த கண்டக்டர்

எனக்கு எழுபத்தைந்து வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் என் எதிரே குரலை உயர்த்த மாட்டார்கள். இந்த உலகத்தில் என்னால் அடக்க முடியாத ஒரே ஆள் ரைட்டுதான்.

அண்ணாமலை நகரில் எங்களுக்கு எதிர்வீடு. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன பிறகும் மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில், "ஒட்டி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேர் வரலாம்" என்பார். ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கியதும், "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்துவிட்டார். செத்தவரின் மகனே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'ரைட்டு'தான்.

சுனாமி வந்த மறு வருஷம் அவர் மனைவிக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அந்தம்மா என்னிடம் வந்து, "அக்கா, அதுக்கு முன்னாடி ஒங்க மாதா கோயிலுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கடலூரில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முந்தினது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மூன்று பேரும் போனோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். முன்பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். ஆம்பிளைகள் மட்டும் வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள், முடிந்ததும் முதல் ஆளாக ஓடுவதற்கு. ரைட்டுக்குப் பொறுக்குமா?

"படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ! நடுவுல எவ்ளோ எடம் கெடக்குது! வெள்ளச் சட்டக்காரரே, ஒங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

நான் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டேன். "மானத்த வாங்காத தம்பி!"

"வழிய மறிக்காம நீங்களும் முன்னால போங்கக்கா!"

ஐந்தே நிமிஷத்தில் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. பீடத்தருகே நின்ற சாமியாருக்கு வாய் மூடவில்லை.

பூசை முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார். "பத்து வருஷமா கெஞ்சறேன், ஒருத்தரும் அசையல. நீங்க எந்தக் கோயிலச் சேந்தவரு?"

"நான் சிதம்பரம் டிப்போ, சாமி."

சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "என்ன வேண்டுதல்? சொல்லுங்க, ஜெபிக்கிறேன்" என்றார்.

ரைட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல ஒருத்தரக்கூட பாதி வழியில எறக்கி விட்டதில்ல சாமி. இவளையும் எறக்கிடக் கூடாதுன்னு ஒங்க ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

அந்தம்மா என் காதில், "வீட்டுல ஒரு நாளாவது இப்புடிப் பேசியிருப்பாராக்கா?" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தம்மா இன்றும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். அவர்தான் இல்லை.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும் கண்ணு. ஒரு தடவை படித்துக் காட்டு. அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சத்தமாகப் படி, எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும்.