வெளிச்சத்தில் எழுப்பிய சுவர்

ஒளிவளநாட்டில் அரசருக்குக் கொட்டாவி வந்தால் ஊரே விளக்கணைத்துப் படுத்துவிடும். அவ்வளவு கட்டுக்கோப்பான நாடு. அந்த நாட்டு அரசர் சோதிவர்மர் தம் கொலுமண்டபத்தைப் புதுப்பிக்க ஆசைப்பட்டு, தூரதேசத்திலிருந்து ஒரு விளக்குக் கலைஞரை வரவழைத்தார். வந்தவர் சரவிளக்கு, சித்திரம், திரைச்சீலை எல்லாவற்றையும் வாரி வெளியே போடச் சொன்னார். காலியான மண்டபத்தின் மூலையில் ஒரே ஒரு குழல்விளக்கை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்.

அடேயப்பா! மூலை போன இடம் தெரியவில்லை. இருந்த சுவர் விலகி நின்றது. வெறும் இடத்தில் புதிதாக ஒரு சுவர் தெரிந்தது. மன்னர் அதில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். மன்னரே சுற்றிப் போன பிறகு மற்றவர்கள் எப்படிக் குறுக்கே போவார்கள்? சபை முழுவதும் சுற்றியே நடந்தது.

"வெளிச்சத்துலயே சுவர் எழுப்ப முடியும்னா நமக்குச் செங்கல் எதுக்கு மகாராஜா?" என்றார் மனைத்துறை மந்திரி பேரின்பநாதர். அவர் கண் கலங்கியிருந்தது. கலையைக் கண்டு கலங்கியதா, செங்கல் மிச்சமாவதை நினைத்துக் கலங்கியதா என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்த வருஷம்தான் வெள்ளம் வந்து ஆற்றோரத் தெருவை அடித்துக்கொண்டு போயிருந்தது. வீடிழந்தவர்களுக்குப் படைப்பயிற்சித் திடலில் வீடு வழங்கப்பட்டது. வீடு என்றால் நாலு மூலைக்கு நாலு குழல்விளக்கு. பொழுது சாய்ந்ததும் தரையில் வெளிச்சக் கோடு விழும். கோடுதான் சுவர். ஒரு பக்கம் கோடு கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், அது வாசல். 'அப்போ பகலில்?' என்று யாரோ கேட்டார்கள். பகலில் சுவர் ஓய்வெடுக்கிறது என்று அரண்மனை விளக்கம் தந்தது.

இந்தச் சுவர்களைக் கண்காணிக்கச் சுவர்ப் பார்வையாளர் என்று ஒரு பதவி உண்டானது. அது ஏகாம்பரத்துக்குக் கிடைத்தது. கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. ஆற்றோரத் தெருக்காரன்தான், அவன் வீடும்தான் வெள்ளத்தில் போயிருந்தது. ஆனால் பதவியோடு அவனுக்கு ஒரு குடியிருப்பு தந்திருந்தார்கள்: நிஜமான செங்கல், தேக்குக் கதவு, உள்தாழ்ப்பாள். வேலை போனால் அதுவும் போகும். அவன் தங்கை சௌந்தரி திடலில் நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷன் உப்பளத்து வேலைக்குப் போயிருந்தான். அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள ஏகாம்பரம் நினைக்காமல் இல்லை. திடலில் வீடு பெற்றவரை வேறு வீட்டில் வைத்துக்கொள்வது அரசாங்கச் சுவரை அவமதிப்பதாகும் என்று ஆணை வந்துவிட்டது.

ஆணைகள் அதோடு நின்றனவா? மழை பெய்தது, சனங்கள் நனைந்தார்கள். வீட்டுக்குள் இருப்பவர் நனைய முடியாதாகையால் நனைந்தவர்கள் வீட்டில் குடியிருக்கவில்லை என்று தீர்ப்பாகி, பாதிப் பேரின் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தவர் சுவருக்குள் பார்ப்பது குற்றமாயிற்று. பெண்கள் உடை மாற்றக் கூச்சப்பட்டார்கள். உடனே கூச்சமும் குற்றமாயிற்று. நாலு சுவருக்குள் நிற்கிறவருக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்? கூச்சப்படுகிறவர் சுவரைச் சந்தேகிக்கிறவர். ஆகவே துணியால் மறைப்புக் கட்டக் கூடாது.

சனங்கள் என்ன செய்வார்கள் பாவம்! ஒருத்தி குளிக்கக் கிளம்பினால் அக்கம்பக்கம் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கப் பழகினார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. முதுகைத் திருப்பக் கூடாது என்று ஆணை எதுவும் இல்லை.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், சௌந்தரிக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுப் பங்காரு தன் புடவையைக் குழல்விளக்குகளுக்குக் குறுக்கே கட்டிவிட்டு மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாள். அந்த நேரம் பார்த்தா அயல்நாட்டுத் தூதர்களைக் கூட்டிக்கொண்டு மந்திரி வந்து நிற்க வேண்டும்!

"ஏகாம்பரம், அங்க தொங்கறது என்னய்யா?"

"புடவைங்க ஐயா."

"சுவர்மேல புடவையா? விருந்தாளிங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஏகாம்பரம் ஓடினான். முடிச்சில் கை வைத்தான்.

"அண்ணே, அதை மட்டும் விட்டுடுண்ணே" என்றாள் சௌந்தரி. பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகமெல்லாம் வியர்வை. "வலி விட்டு விட்டு வருதுண்ணே."

"கொஞ்ச நேரம்தாம்மா. அவங்க போனதும் நானே கட்டித் தரேன்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தான். கூடப் பிறந்தவளுக்கு இருந்த ஒரே மறைப்பை உருவிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். சௌந்தரி அவனைப் பார்க்கவில்லை. "வாசல் அந்தப் பக்கம் இருக்கு, போ" என்றாள். அவனும் வெளிச்சக் கோட்டின் இடைவெளி வழியாகத்தான் வெளியே போனான். அந்த நேரத்திலும் சுவரைத் தாண்ட அவனுக்குத் துணிவு வரவில்லை.

மருத்துவச்சியோடு திரும்பிய பங்காரு நின்று பார்த்தாள். மருத்துவச்சியை உள்ளே அனுப்பினாள். கோட்டோரமாகப் போய் முதுகைத் திருப்பி நின்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் ஆண்கள், கிழவர்கள், திடலே வந்து தோளோடு தோள் ஒட்டி, வெளியே பார்த்தபடி வளையமாக நின்றது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு ஊசிமுனை அளவும் தெரியவில்லை.

"பாத்தீங்களா? ஒருத்தராவது உள்ளே எட்டிப் பாக்கறாங்களா? சுவர்னா இது சுவர்!" என்று பேரின்பநாதர் பூரித்துப்போனார். தூதர்கள் கைதட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது.

எல்லாரும் போன பிறகு ஏகாம்பரம் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். "இனிமே எதுக்கு? புள்ள பொறந்தாச்சு" என்று பங்காரு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரிடம் சொல்ல முடியும்? அதுதான் குற்றமாயிற்றே. பெண்டாட்டி காப்பி கொடுத்தாள், குடித்தான்.

சில மாதம் கழித்துத் தேர்தல் வந்தது. அங்கே தேர்தல் என்றால் இரண்டு பானை: ஒன்று அரண்மனைப் பானை, இன்னொன்று மற்றப் பானை. ஆளுக்கொரு கூழாங்கல். ரகசியம் காக்க அறை வேண்டுமே, திடலின் நடுவில் நாலு குழல்விளக்கு நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் கல் போடச் சொன்னார்கள். ரகசியம் காக்கப்படுகிறதா என்று பார்க்கப் பேரின்பநாதர் அயல்நாட்டுத் தூதர்களோடு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் ஆள் உள்ளே போனதுமே சனங்கள் வளையமாக வந்து முதுகைக் காட்டி நின்றார்கள். மந்திரி எழுந்து எட்டிப் பார்த்தார். முதுகுகள்தான் தெரிந்தன. தூதர்களை வைத்துக்கொண்டு, சட்டப்படி பார்க்காமல் நிற்கிறவர்களை அவர் என்ன சொல்வார்? உட்கார்ந்துவிட்டார்.

ஏகாம்பரத்தின் முறை வந்தது. தனக்காக யாரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தான். நின்றார்கள். பங்காரு நின்றாள். சௌந்தரியும் வந்து அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அன்று அவன் உருவிய மறைப்பை இன்று அவனுக்குத் தந்தாள். அந்த நாட்டில் அப்படியொரு கெட்டிச் சுவர் அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எந்தப் பானையில் போட்டாலும் ஈ காக்கைக்குத் தெரியாது.

கல்லை மற்றப் பானைக்கு மேலே கொண்டுபோனான். தேக்குக் கதவு நினைவுக்கு வந்தது. உள்தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. கை தானாக நகர்ந்தது. அரண்மனைப் பானைக்குள் கல் விழுந்தது.

நிமிர்ந்தான். சௌந்தரியின் தோளில் குழந்தை இவன் பக்கம் திரும்பிக் கிடந்தது. அதற்கு எந்த ஆணையும் தெரியாது. கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

பானையை எண்ணினார்கள். அரண்மனைப் பானை விளிம்பு வரை நிறைந்திருந்தது. தேர்தல் முழு ரகசியமாக நடந்தது என்று பேரின்பநாதர் அறிவித்தார். அவர் ஆயுசில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்குத் திடலில் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்காக அரண்மனை ஆணை எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.