ஒன்றரை நிமிட நடிகரும் ஒரு வாஷிங் மெஷினும்

வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயில் ஒரு சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது. அதை எடுப்பதெல்லாம் மெக்கானிக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. எடுத்தாயிற்று. குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கிக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தான். ஸ்பேனர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"சரியாயிடுச்சா தம்பி?" என்றார் வந்தவர். முட்டி தேய்ந்த பைஜாமா, தோளில் ஒரு துண்டு.

அந்தக் குரல்! பேசும்போது ஒரு பக்கமாகச் சாயும் அந்தத் தலை! மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சினிமாவில் பெயர் போடும்போது அவர் பெயர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். படிப்பதற்குள் போய்விடும். எந்தப் படத்திலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அவரை விட்டுவைக்கமாட்டார்கள். அதனால் ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர் 'ஒன்றரை'. ரசிகர்கள் என்றால் ஊர்வலம் போகிற அளவுக்கு இல்லை. எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஆனால் ஏறுகிற அத்தனை பேரும் வெறியர்கள்.

முன்னால் கதாநாயகன் வில்லனைப் புரட்டி எடுத்துக்கொண்டிருப்பான். பின்னால் மளிகைக் கடைக்காரராக நிற்கும் ஒன்றரை, அடி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து, முட்டைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருப்பார். இன்னொரு படத்தில் அடியாள். கதாநாயகியைக் கட்டிப் போடச் சொன்னால் கட்டிவிட்டு, "ரொம்ப இறுக்கமா இருக்காம்மா?" என்று கேட்டு ஒரு சுற்றுத் தளர்த்திவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த டாக்டர் வேஷம். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்று கையை விரித்துவிட்டு, குடும்பமே கதறிக்கொண்டிருக்கும்போது ஓரமாகப் போய்த் தன்னுடைய நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் மெக்கானிக் மனைவியை அந்தப் படத்துக்குத்தான் அழைத்துப்போனான். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த இடத்தில் இவன் ஒருவன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்ததில், அவள் ஒரு வாரம் இவனோடு பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவர் இதோ, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

'சார், நான் உங்க ரசிகன்' என்று சொல்ல வாயைத் திறந்தான் மெக்கானிக். "சரியாயிடுச்சு சார்" என்றுதான் வந்தது. அவர் தலையைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக்குக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. கிளிப்பைப் பார்த்தான். இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் வேலை முடிந்தது. முடுக்காவிட்டால் நாலைந்து நாளில் கசியும். கசிந்தால் கூப்பிடுவார்கள். அதுவரை ஒரு திருகாணியைக்கூட ஏமாற்றாத மனுஷன், அந்தக் கடைசிச் சுற்றை முடுக்காமலேயே பெட்டியை மூடிவிட்டான்.

எதிர்பார்த்தபடியே மெஷின் கசிந்தது. எதிர்பாராதது, கதவைத் திறந்த வீட்டம்மாவின் வாய்.

"என்ன ரிப்பேர் பண்ணீங்க நீங்க? குளியலறை முழுக்கத் தண்ணி! மலை மாதிரி துணி குவிஞ்சு கிடக்கு. நான் என்ன, கையால துவைக்கிறதா?"

"மன்னிச்சுக்குங்கம்மா, கிளிப் கொஞ்சம் லூஸ்" என்று திருட்டு முழி முழித்துக்கொண்டே உள்ளே போனான். குற்ற உணர்ச்சியில், இந்தத் தடவை கிளிப்பை முதலில் முடுக்கினான். அப்புறம்தான், இனி இந்த வீட்டுக்கு வர வழியில்லை என்பது உறைத்தது. எப்படியும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டான்.

நடிகரே வந்து நின்றார். "தம்பி சினிமா பார்ப்பீங்களா?"

எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! ஆனால் மெக்கானிக்கின் மூளை அந்த நேரம் பார்த்துக் கோணலாக ஓடியது. ரசிகன் என்று சொன்னால், அப்போ இவன் வேண்டுமென்றேதான் லூஸாக விட்டுவிட்டுப் போனான் என்று கண்டுபிடித்துவிடுவாரே? விட்டது உண்மைதானே?

"சினிமாவா? அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? நான் சினிமாவே பார்க்கறதில்லை" என்று உளறிவிட்டான்.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு நிமிடம் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் யாருன்னே தெரியாதா?"

"தெரியாது சார்." இதைச் சொல்லும்போது மெக்கானிக்குக்குக் கண் கலங்கியேவிட்டது.

"நானும் ஒரு நடிகன்தான் தம்பி. இப்பல்லாம் கூப்பிடறதில்லை. ஓரத்துல யாரையும் நிறுத்தறதில்லையாம், கேமரா நேரா மூஞ்சிக்கே போயிடுதாம்." அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஒரு படத்துல நான் மளிகைக் கடைக்காரன். முன்னாடி சண்டை நடக்குது. என் கையில முட்டை..."

அடுத்த கால் மணி நேரம் சோப்புத்தூள் டப்பாவும் சொட்டு நீலப் புட்டியும் துணிக் கிளிப்புகளும் முட்டைகளாகி இடம் மாறிக்கொண்டிருந்தன. எத்தனையோ தடவை பார்த்ததை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். உலகத்தில் அவனைவிடப் பாக்கியசாலி யாருமில்லை, அவனைவிடப் பொய்யனும் யாருமில்லை.

"ரிப்பேர் பண்ண வந்தவரையும் விடமாட்டாரு இந்த மனுஷன்!" என்று வீட்டம்மா சமையலறையிலிருந்து சலித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னான்.

"நம்ம வீட்டு மெஷின் ஆறு மாசமா ஆடிக்கிட்டே வாசல்வரைக்கும் போயிட்டு வருது. அதைக் கேட்க நாதியில்லை. இதுல உங்களுக்கு ஊரார் மெஷினைக் கெடுக்கற வேலை வேறயா?" என்றாள் அவள்.

"இனிமே கெடுக்கமாட்டேன். கிளிப்பை நல்லா முடுக்கிட்டேன்."

அடுத்த வாரமே அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மெஷின் உறுமுகிறதாம், சுற்றவில்லையாம்.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெல்ட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கமே கை வைக்கவில்லை. இல்லை, வைத்தானோ? முட்டை நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மயக்கத்தில் எதையாவது இழுத்துத் தொலைத்தோமோ? அவனுக்கே அவன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

நடிகர் இந்தத் தடவை அடியாள். வீட்டம்மாவின் ஈரப் புடவை ஒன்றைக் கயிறாக்கி, முக்காலியைக் கதாநாயகியாக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் குனிந்தார். வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

நடிகர் அப்படியே நின்றார். "நான் இன்னும் வசனமே சொல்லலையே தம்பி. எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது... பெல்ட்டைப் பார்த்துச் சிரிச்சேன் சார்."

"பெல்ட்ல என்ன சிரிப்பு?"

"தொங்குது பாருங்க சார். அதான்." அசடு வழிந்தது.

அவர் பெல்ட்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், வசனத்தைச் சொல்லி முடித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "இன்னொரு படத்துல நான் டாக்டர்" என்றார்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் செல்போன் அலறியது. முதலாளி.

"இன்னும் அங்கேயே என்னய்யா பண்றே? ஓட்டல்ல பெரிய மெஷின் நின்னுபோச்சு. அந்தாளு என் உயிரை எடுக்கறான். இந்த நிமிஷம் கிளம்பு!"

பெல்ட்டை மாட்டி, மூடியைப் போட்டு, டாக்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டு மெக்கானிக் ஓடினான். படி இறங்கும்போது அவனுக்கு அழுகையே வந்தது.

நாலாவது தடவை அழைப்பு மெக்கானிக்குக்கு வரவில்லை. நேராக முதலாளிக்கே போனது. போன் கடை மேஜைமேல் இருந்தது. வீட்டம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"கதவுப் பூட்டு உடைஞ்சு தொங்குது! ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு போகுது. உங்க ஆளு ரிப்பேர் பண்றாரா, இல்லை பாகம் பாகமாப் பிரிக்கறாரா? எனக்கு உடனே ஆள் வரணும்!"

போனை வைத்துவிட்டு முதலாளி மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல உன்மேல ஒரு புகார் வந்ததில்லை. இப்ப ஒரே வீட்டுல மூணு. நானே வந்து பார்க்கறேன். உன் கைவேலைதான்னு தெரிஞ்சுது, நாளையிலேருந்து நீ கடைப்பக்கம் வர வேண்டாம்."

வழியெல்லாம் மெக்கானிக்குக்கு ஒரே யோசனை. வேலை போனால் வீட்டில் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. வேறு மெக்கானிக் வருவான். அந்தத் தடியனுக்கு முன்னால் அவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். அவன் மணியைப் பார்ப்பான்.

குளியலறையில் முதலாளி குந்தி உட்கார்ந்து பூட்டை விரலால் தடவினார். "இது தானா உடைஞ்சதில்லை. யாரோ நெம்பியிருக்காங்க" என்று மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். நடிகர் வாசலில் நின்றார். வீட்டம்மா அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மெக்கானிக் முடிவு செய்தான்.

"முதலாளி, பூட்டை நான் தொடலை. ஆனா முதல் தடவை கிளிப்பை வேணும்னுதான் முடுக்காம விட்டேன். திரும்ப வரணும்னு. சார்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு." நடிகர் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான். "சினிமாவே பார்க்கமாட்டேன்னு பொய் சொன்னேன் சார். உங்க படம் எல்லாம் பார்த்திருக்கேன். சில படத்துல நீங்க வந்துட்டுப் போனதும் நானும் எழுந்து வெளியே வந்துடுவேன். எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நடிகர் ஓரடி முன்னால் வந்தார்.

"அவரைத் திட்டாதீங்க. பெல்ட்டைக் கழட்டினது நான்."

"நீங்களா!" என்றார் முதலாளி.

"ஒரு படத்துல மெக்கானிக்கா வந்தேன். பின்மூடியைத் திறக்கறது அப்பக் கத்துக்கிட்டது."

"தெரியும் சார்!" என்று மெக்கானிக் துள்ளினான். "திறந்து, உள்ளே தலையை விட்டு, 'யாரு இருக்கீங்க?'ன்னு கேப்பீங்க!"

நடிகர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க ரசிகர்னு எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. சினிமா பார்க்காதவன் என்னைப் பார்த்தா கையிலேருந்து ஸ்பேனர் விழாது. இத்தனை வருஷமா நான் நடிச்சதுக்கு அப்புறம் சிரிச்சவங்க இருக்காங்க. நடிக்கறதுக்கு முன்னாடியே சிரிச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க முட்டையைப் பார்த்த அன்னிக்கே உங்களைத் திரும்ப வரவழைக்கணும்னு தோணிச்சு, எனக்கு வேற வழி தெரியலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளிதான் இடையில் மாட்டிக்கொண்டு திணறினார்.

"ஆக, கிளிப் இவன். பெல்ட் நீங்க. அப்ப இந்தப் பூட்டு?"

"சார், அதுவும் நீங்கதானே?" என்றான் மெக்கானிக் மெதுவாக.

"நானா? நான் நீங்கன்னு இல்ல நினைச்சேன்!"

"போதும்யா உங்க நாடகம்!" என்று முதலாளி எழுந்தார். "புகார் குடுத்தது இந்தம்மா. இத்தனை நாளா கையால துவைச்சுக் கஷ்டப்பட்டதும் இந்தம்மா. இவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், இவனை இப்பவே அனுப்பிடறேன். சொல்லுங்கம்மா, இவனை என்ன பண்ணலாம்?"

வீட்டம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். சோப்பில் ஊறி வெளுத்துப்போயிருந்த விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டை நெம்பினது நான்தான்! பின்னே என்ன தம்பி, போன தடவை நீங்க பாட்டுக்குப் பாதியிலேயே எழுந்து ஓடிட்டீங்க. இவர் எப்ப அந்த டாக்டர் ஸீனைப் பண்ணுவார்னு சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நான் எத்தனை நாள்தான் காத்துக்கிட்டு நிக்கறது?"